ஒத்தைக் காது டிக்கெட்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் வருகிற புளுகு எதுவும் என்னுடையது இல்லை. எல்லாம் சிவன்மலை அண்ணன் விட்டது. எனக்கு அந்த வித்தை வராது. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று மார்க் கேட்ட அத்தனை சொந்தக்காரர்களிடமும் உள்ளதை அப்படியே சொன்னவள் நான். மறுவாரமே திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். தைத்து வருகிற பீஸை விரித்துப் பார்க்க வேண்டும், ஓட்டை இருந்தால் ஓட்டை என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. என் வாய்க்கு யாரோ அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன்.

இசையமைப்பாளர் ஆதிரன் கோயமுத்தூரில் கச்சேரி வைக்கிறார் என்று அறிவிப்பு வந்தது. நின்று பார்க்கிற டிக்கெட் நானூற்றித் தொண்ணூற்றொன்பது ரூபாய். ஒரு திங்கட்கிழமை காலையில் ஆன்லைனில் விற்பனை தொடங்கியது. எங்கள் கம்பெனியிலிருந்து நாலு பேர் போவதாக முடிவானது. நான் ஒன்று. ஓரம் தைக்கிற ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிற சிவன்மலை அண்ணன் ஒன்று. பேக்கிங்கில் இருக்கிற மயிலாத்தா அக்கா ஒன்று. அயர்ன் மாஸ்டர் மாசானம் அண்ணாச்சி ஒன்று. அண்ணாச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம். அவர் திருப்பூர் வந்து பதினைந்து வருஷம் ஆகிறது, அவர் பேச்சு மட்டும் இன்னும் அங்கிருந்து பஸ் ஏறவில்லை.

முடிவானது சரி, காசு? எங்கள் ஊரில் சம்பளம் வாராவாரம் சனிக்கிழமை. செருப்பு பிய்ந்தால் சனிக்கிழமை வாங்குவோம். காய்ச்சல் வந்தால்கூட, "சனிக்கிழமை வரைக்கும் தாங்கு" என்று அதனிடமே சொல்வோம். ஐந்து நாளில் டிக்கெட் எங்கே ஓடிவிடப் போகிறது, சனிக்கிழமை வாங்கிக்கலாம் என்று நாலு பேரும் சொன்னோம். ஒருத்தருக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை. திருப்பூர்ச் சனிக்கிழமையைப் பற்றி டிக்கெட் விற்கிறவர்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் போல. திங்கட்கிழமை ஐநூறு. புதன்கிழமை எண்ணூறு. வெள்ளிக்கிழமை ஆயிரத்து இருநூறு. சனிக்கிழமை சாயங்காலம் ஆளுக்கு ஐநூறை என் கையில் திணித்துவிட்டு அவரவர் பஸ்ஸைப் பிடித்து ஓடினார்கள். நான் வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால், நாலு பேர் காசுக்கு ஒரே ஒரு டிக்கெட்தான் வரும் போலிருந்தது. யோசித்தால் அதுவும் போய்விடும். அமுக்கிவிட்டேன்.

டிக்கெட் என் போனில்தான் இருந்தது. கமுக்கமாகப் போய்விட்டு வந்திருக்கலாம். ஆனால் நாலு பேர் காசு. திங்கட்கிழமை கம்பெனிக்குப் போனதும் மூன்று பேரையும் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன்.

"ஒண்ணுதான் கிடைச்சுது. யாரு போறது?"

எல்லோருக்கும் போக வேண்டும். மயிலாத்தா அக்காவின் பையன்கள் இரண்டு பேரும், "இந்த வயசுல உனக்கென்ன கச்சேரி?" என்று கேட்டார்களாம். அதற்காகவே போயாக வேண்டுமாம். எனக்கும் ஒரு காரணம் இருந்தது. தையல் மிஷின்கள் வரிசையாக ஓடுகிற பவர் டேபிளில் எவ்வளவு கத்தினாலும் மிஷின் சத்தத்தில் பக்கத்து ஆளுக்குக் கேட்காது. வீட்டில் கொஞ்சம் சத்தமாகத் தும்மினால் கீழ்வீட்டுக்காரம்மா படியேறி வந்துவிடும். முப்பதாயிரம் பேரோடு சேர்ந்து, "மெதுவா பேசு" என்று சொல்ல ஆளில்லாத இடத்தில், ஒரே ஒரு தடவை தொண்டை கிழியக் கத்த வேண்டும். இதை ஆறு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"சீட்டுக் குலுக்கிப் போட்ருவோம்" என்றார் சிவன்மலை அண்ணன். அவரே நாலு சீட்டு எழுதி மடித்து டிபன் பாக்ஸ் மூடியில் போட்டார். மயிலாத்தா அக்கா ஒன்றை எடுத்தாள். 'சிவன்மலை'. அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டுச் சாமிக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோதே அக்கா மீதி மூன்றையும் பிரித்துப் பார்த்தாள். சிவன்மலை, சிவன்மலை, சிவன்மலை.

"கைப்பழக்கமுங்க்கா" என்றார் அண்ணன், கொஞ்சம்கூடக் கூசாமல். "சின்னதுல இருந்து என்ற பேர எழுதியே பழகுன கை."

"உம்ம கையில சூட்டுப் பெட்டிய வைக்கணும்வே" என்றார் மாசானம் அண்ணாச்சி.

அன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போன வண்டி திரும்பவில்லை. மிஷின் எல்லாம் செத்துக் கிடந்தது. சும்மாதான் உட்கார்ந்திருந்தோம். சிவன்மலை அண்ணன் ஒரு துணி ரோல் மேல் ஏறிச் சம்மணம் போட்டுக்கொண்டார்.

"சரி, சீட்டு வேண்டாம். போட்டி வெச்சுக்குவோம். ஆளுக்கொரு கதை சொல்லோணும். டிக்கெட் விலையப் பத்தித்தான் இருக்கோணும். கேக்கறவங்க எவராவது 'பொய்'யின்னு வாயத் தொறந்து சொல்லிட்டா அவங்க அவுட்டு. கடைசியா எவரு மிஞ்சறாங்களோ அவங்களுக்கு டிக்கெட்டு."

"அவ்வளவுதானா? வாய மூடிட்டு உக்காந்தாப் போச்சு" என்றாள் அக்கா.

வாயை மூடிக்கொண்டு உட்காருவது மற்றவர்களுக்குச் சும்மா. எனக்கு அது வேலைக்கே விரோதம். மதிய டீக்கு வாங்கி வைத்திருந்த பருப்பு வடையை எடுத்துக் கையில் தயாராகப் பிடித்துக்கொண்டேன். வாய் திறந்தால் அடைத்துவிடலாம்.

சிவன்மலை அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"போன வருசம் இதே ஆதிரன் கச்சேரிக்கு நான் போனது உங்களுக்கெல்லாம் தெரியாது. சொன்னா நம்ப மாட்டீங்கன்னு சொல்லல. போன்ல டிக்கெட் எடுக்கலாம்னு உள்ள போனேன். 'நீங்கள் வரிசையில் இருக்கிறீர்கள்'ன்னு வந்துச்சு. நம்பரு பாத்தா, நாப்பத்தியோரு லட்சத்து அறுவத்திரண்டு. சரீன்னு நின்னேன். எனக்கு முன்னால நின்னவன் அந்த வரிசையிலயே பொண்ணு பாத்து, நிச்சயம் பண்ணி, கல்யாணம் முடிச்சு, கொழந்தைக்கு மொட்டையடிச்சுட்டான். எனக்கு மொட்டைக்கு அழைப்பு வந்துச்சு. போக முடியல. போனா நம்பரு போயிருமில்ல?"

"மொய் வச்சீரா?" என்றார் மாசானம்.

"வரிசையில இருந்தே வெச்சேன் அண்ணாச்சி. நின்னு நின்னு எனக்குத் தாடி வளந்து, நெஞ்சு வரைக்கும் வந்து, போன் மேல விழுந்துருச்சு. நான் தூங்கற நேரத்துல அந்தத் தாடிதான் 'சரி' பட்டனை அமுத்தி எடத்தப் புடிச்சு வெச்சுக்கும். அந்தத் தாடிய எடுக்கறப்ப அழுதுட்டேன்."

மயிலாத்தா அக்கா தலையை ஆட்டினாள். "இருக்கும், இருக்கும்."

"என்ற முறை வந்துச்சு. ஐநூறுன்னு போட்டிருந்துச்சு. விரலை எடுத்துட்டுப் போறதுக்குள்ள அறுநூறு. கண்ணச் சிமிட்டுனேன், எழுநூறு. அப்பத்தான் எனக்குச் சூட்சுமம் பிடிபட்டுச்சு. ஒரு சிமிட்டுக்கு நூறு ரூவா ஏறுது. உடனே பேக்கிங் டேப்ப எடுத்து ரெண்டு இமையவும் நெத்தியோட ஒட்டிட்டேன்."

"எந்த டேப்பு? ரெண்டு இஞ்ச்சா, மூணு இஞ்ச்சா?" என்று கேட்டாள் அக்கா.

"மூணு இஞ்ச்சு."

"அதான. ரெண்டு இஞ்ச்சு நிக்காது."

"சிமிட்டாம இருந்தாலும் அது அசையுது அக்கா. சரீன்னு கட்டை விரலால அந்த விலைய அப்படியே அமுத்திப் புடிச்சேன். அது கீழிருந்து முட்டுது பாருங்க, பொங்கல் பானை மூடியாட்ட! இந்த நகத்தப் பாருங்க, இன்னும் கறுத்துக் கெடக்குதா இல்லையா?"

அந்த நகம் போன மாதம் மிஷின் ஊசி ஏறிக் கறுத்தது. மருந்து போட்டுவிட்டதே நான். வடையில் ஒரு சின்னக் கடி கடித்துக்கொண்டேன்.

"கடைசியில என்ற கையத் தள்ளிட்டு அது போனை விட்டே வெளிய வந்துருச்சு. கூரை சிமெண்ட் சீட்டப் பொத்துக்கிட்டு மேல போச்சு. தென்னை மரத்தத் தாண்டிருச்சு. செல்போன் டவரத் தாண்டிருச்சு. கோயமுத்தூர்ல எறங்க வந்த விமானம் எறங்க முடியாம மேலயே சுத்துது. உள்ள பைலட்டு மைக்கில சொல்றாரு: 'பயணிகள் கவனத்துக்கு. இடதுபக்க ஜன்னல்ல தெரியறது சில்வர் டிக்கெட். வலதுபக்கம் கோல்டு. டைமண்ட் டிக்கெட் நமக்கும் மேல இருக்குறதால தெரியாது, மன்னிச்சுக்கோங்க.'"

"நீரு கீழ நின்னுட்டு இருந்தீரு. பைலட்டு சொன்னது உமக்கு எப்படிவே கேட்டுது?" என்று அண்ணாச்சி மடக்கினார். 'பொய்' என்று சொல்லவில்லை, கேள்விதான் கேட்டார். ஆள் கெட்டி.

"பைலட்டு என்ற கூட ஆறாவது படிச்சவன்" என்றார் சிவன்மலை அண்ணன், மூச்சு விடாமல். "ஞாயித்துக்கிழமை வந்து சொன்னான்."

ஆறாவது தாண்டாத அண்ணனுக்குப் பைலட் சிநேகிதன். வடையில் இன்னொரு கடி.

"அப்பறம் முழு டிக்கெட் வாங்கக் கட்டுபடியாகாதுன்னு, உதிரியா விக்கறானுகளான்னு கேட்டேன். விக்கறானுக. கண்ணுக்குத் தனி, காதுக்குத் தனி. ஒரு ஜோடிக் காது ஆயிரத்து எண்ணூறு. ஒத்தைக் காது தொள்ளாயிரம். நான் எடது காதுக்கு ஒரு டிக்கெட் எடுத்தேன்."

"ஏன் எடது?" என்று நானே கேட்டுவிட்டேன். கேள்வி கேட்கலாம் அல்லவா.

"வலது காதுக்குக் கிராக்கி சாஸ்தி அம்மிணி. போன் பேசற காது. கேட்டுல ரெண்டு பேரு நின்னுட்டு என்ற வலது காதுல பஞ்ச வெச்சு, அரக்குல சீல் போட்டானுக. கண்ணுக்கு டிக்கெட் இல்லைன்னு துணியக் கட்டிட்டானுக. உள்ள போயி உக்காந்தேன். எடது பக்க ஸ்பீக்கருல வெறும் தபேலா மட்டும்தான் வருது. பாடறவரு வலது பக்கத்துல பாடறாரு. ரெண்டு மணி நேரம் தொம் தொம்முனு தபேலா மட்டும் கேட்டுட்டு இருந்தேன். அதுக்கே என்ற காலு தன்னால ஆட ஆரம்பிச்சுருச்சு. வந்துட்டான் ஒருத்தன் டார்ச்ச அடிச்சுக்கிட்டு. 'யாரு இந்தக் கால்? காலுக்கு டிக்கெட் எங்க?' அந்த எடத்துலயே கால் ரெண்டுக்கும் அபராதம் போட்டு, முழங்காலோட கட்டிப் போட்டானுக. பக்கத்துல ஒரு பாவப்பட்டவன் விசில் அடிச்சான். பல்லுக்கு டிக்கெட் இல்லைன்னு வெளிய இழுத்துட்டுப் போயிட்டானுக. அவன் 'ஐயா இது கட்டுன பல்லுங்'கறான். கட்டுன பல்லுக்கு ஜி.எஸ்.டி. சாஸ்தியாம்!"

அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டாள். மாசானம் அண்ணாச்சி கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்தார். சிவன்மலை அண்ணன் அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"வெளிய வர்றப்ப ஒரு அதிசயம் பாத்தேன். மைதானத்து வாசல்ல விலைப் பலகை வெச்சிருக்கானுக. அதுல இருக்கற விலையோட சூட்டுல பலகையே அடுப்பாட்டச் செவந்து கெடக்குது. பக்கத்துல போனா அனலு. என்ற காட்டன் சட்ட அந்தக் கூட்டத்துல கசங்கிச் சுருண்டு போயிருந்துச்சு. அந்தப் பலகைக்கு முன்னால ஒரு நிமிசம்தான் நின்னேன். சட்ட அப்படியே அயர்ன் ஆயிருச்சு. காலரு, கைமடிப்பு, எல்லாம் கத்தியாட்ட. ஒரு சொட்டுத் தண்ணி தெளிக்கல."

"என்னது?" மாசானம் அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார். "தண்ணி தெளிக்காம காட்டன் காலரா? ஒரே சூட்டுலயா? பொய்யி! பச்சப் பொய்யி! இருபத்தெட்டு வருஷமா பெட்டி தேய்க்கேன், எங்கிட்டயா சொல்லுதீரு? காலர் உள்பட்டி சுருங்கிப் போயிராதா?"

அண்ணாச்சி நின்றபடியே தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். விமானத்தை நிறுத்தினதை நம்பினவர், தாடி பட்டன் அமுக்கினதை நம்பினவர், காலரில் போய் விழுந்தார்.

"ஒண்ணு அவுட்டு" என்றார் சிவன்மலை அண்ணன், விரலை மடக்கி.

"வே, அது நியாயமில்ல. அது தொழில் விஷயம்" என்று அண்ணாச்சி முனகிக்கொண்டே மூலையில் போய் உட்கார்ந்தார்.

"எடது காதுல தபேலா கேட்டாச்சு. வலது காதுக்குப் பாட்டு வேணுமில்ல? மறுபடி டிக்கெட் எடுக்கலாம்னா விலை நெலாவப் போய் முட்டிட்டு நிக்குது. அன்னிக்கு அமாவாசை மாதிரி இருட்டா இருந்துச்சே, ஞாபகமிருக்கா? அதான் காரணம். வெளிய என்னையாட்டவே நாலாயிரம் பேரு டிக்கெட் இல்லாம நிக்கறாங்க. நான் ஒரு யோசனை பண்ணுனேன். ஒரு பெரிய அட்டப்பொட்டி. நாலாயிரம் பேரும் ஒட்டுக்கா உள்ள எறங்கிட்டோம். மேல 'குடிதண்ணீர் பாட்டில், கவனமாகக் கையாளவும்'னு எழுதியாச்சு."

மயிலாத்தா அக்கா அசையவில்லை. "நெருக்கி உக்காந்தா உக்காரலாம்" என்றாள். "மடிச்சு வெக்கற விதத்துல இருக்குது."

"அதேதான் அக்கா. பாதிப் பேரு தலைகீழா, பாதிப் பேரு நேரா. நீங்க எங்களுக்குச் சொல்லிக் குடுத்த பேக்கிங்தான்."

அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. எனக்குப் பயமாக இருந்தது. சிவன்மலை அண்ணன் ஒருத்தரைப் புகழ்ந்தால் பின்னாலேயே பள்ளம் இருக்கும்.

"ஒரு கிரேன் வந்து பொட்டியத் தூக்குச்சு. நாலாயிரம் பேரு எடை. அந்தரத்துல ஊசலாடுது. ஆனா ஒண்ணுமே ஆகல. இத்தனைக்கும் அவசரத்துல மேல மட்டும் ஒத்த டேப் இழுத்தோம். அடியில ஒட்டவே இல்ல."

"அடியில ஒட்டலையா?"

"ஒட்டல அக்கா."

"அடியில டேப்பு ஒட்டாத பொட்டி தாங்குச்சா?" அக்காவின் கழுத்து நரம்பு புடைத்தது. நான் அவளுடைய கையைப் பிடித்து அமுக்கினேன். "தூக்கினதும் வாயப் பொளந்துக்கும்டா! அறுவது பீஸ் போட்டாலே பொளந்துக்கும்! எவங்கிட்ட வந்து… பொய்யி! சுத்தப் பொய்யி!"

"ரெண்டு அவுட்டு."

அக்கா அவரை அடிக்க ஏதாவது கிடைக்குமா என்று சுற்றிப் பார்த்தாள். அட்டைப்பெட்டிதான் கிடைத்தது. அதால் அடித்தாள். வலித்திருக்காது. அடியில் டேப் ஒட்டியிருந்ததால் பெட்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இப்போது நானும் அவரும் மட்டும். அண்ணன் என் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"அம்மிணி, உள்ள போனதும் எங்க பொட்டியக் கொண்டுபோயி சில்வர் எடத்துல எறக்கிட்டானுக. மேடை எங்க இருக்குதுன்னு கேட்டா, 'மேடை கோயமுத்தூர் மாவட்டங்க, நீங்க நிக்கறது ஈரோடு மாவட்டம்'ங்கறான். முதல் பாட்டு அவரு வெள்ளிக்கிழமை பாடுனாரு. அது எங்க கிட்ட வந்து சேர ஞாயித்துக்கிழமை ஆயிருச்சு. வழியில பாவம், அவிநாசியில டீ குடிச்சுட்டு வந்திருக்குது. வந்து சேந்த பாட்டுக்கு மூச்சு வாங்குது. சரணம் முன்னால வந்துருச்சு, பல்லவி பின்னால நொண்டிட்டு வருது. பாட்டு லேட்டா வந்ததுக்குத் தாமதக் கட்டணம்னு எங்ககிட்ட இருபது ரூவா வாங்குனானுக."

பாதி வடையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

"ஒரு பாட்டு ரொம்பக் களைச்சுப் போயிருந்துச்சுன்னு டிபன் பாக்ஸ்ல போட்டு ஊட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டேன். இன்னிக்கும் மூடியத் தொறந்தா பாடும். ஆனா தக்காளிச் சாதத்து வாசம் வரும்."

வடையை மென்றுகொண்டிருந்தேன்.

அண்ணன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு புன்னகைத்தார். அந்தப் புன்னகையைப் பார்த்ததும் எனக்கு ஆட்டம் முடிந்தது என்றுதான் தோன்றியது.

"கச்சேரி முடிஞ்சதும் ஆதிரனே மேடையில இருந்து கையக் காட்டி என்னக் கூப்பிட்டாரு. 'நான் போட்டிருக்கற சட்டையத் தெச்சது நீங்கதான?'ன்னாரு. ஆமாங்கன்னேன். முப்பதாயிரம் பேரு முன்னால மைக்கப் புடிச்சுச் சொன்னாரு: 'இந்த மனுசன் பதினாலு வருசமா ஓவர்லாக் அடிக்கறாரு. இன்னிக்கு வரைக்கும் ஒரு தையல் விட்டதில்ல, ஒரு பீஸு திரும்பி வந்ததில்ல.' அது நெசந்தான? நீயே சொல்லு அம்மிணி. என்ற தையல்ல நீ ஒரு ஓட்டை பாத்திருக்கியா?"

என் மடியில் அன்று காலை நான் ஒதுக்கிய பீஸ்கள் கிடந்தன. பதினேழு. பதினேழும் அவர் அடித்தது. அதில் ஒன்றில் கை நுழைகிற இடத்துக்கும் தலை நுழைகிற இடத்துக்கும் வித்தியாசமே இல்லை, இரண்டையும் அவர் ஒன்றாக்கிவிட்டார். என் நாக்கு தன்னால் எழுந்தது. 'பொ' வரைக்கும் வந்துவிட்டது.

"பொ…?" என்று அண்ணன் ஆசையோடு குனிந்தார்.

மீதி வடை முழுவதையும் உள்ளே தள்ளினேன். மிளகாய் ஒன்று இருந்தது போல. கண்ணில் நீர் கொட்டியது. அக்கா ஓடிவந்து முதுகைத் தட்டினாள். தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்:

"பொறுமையா யோசிச்சாத்தான் ஞாபகம் வரும் அண்ணா."

"அடி சக்கை!" என்றார் மாசானம் அண்ணாச்சி மூலையிலிருந்து.

சிவன்மலை அண்ணனின் சரக்கு தீர்ந்துவிட்டது. இனி என் முறை. அவர் துணி ரோலில் சாய்ந்து படுத்துக்கொண்டு கையைத் தலைக்கு வைத்தார். "சொல்லு அம்மிணி. நாள் பூரா சொல்லு. நான் வாயத் தொறந்தா அப்பக் கேளு."

"எனக்குக் கதை கட்டத் தெரியாது. சனிக்கிழமை நான் டிக்கெட் எடுத்ததை மட்டும் சொல்றேன்" என்று போனை எடுத்துப் படித்தேன். "டிக்கெட் ஆயிரத்து ஐநூத்தித் தொண்ணூத்தொம்பது. அதுக்கு மேல வசதிக் கட்டணம் எரநூத்தி நாப்பது."

"அது என்ன வசதி?"

"ஆன்லைன்ல எடுத்த வசதி."

"உன்ற ஊட்ல, உன்ற போன்ல, உன்ற விரலால அமுத்துனே. அதுல எவனுக்கு வசதி?"

"எனக்காம்."

அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். "சரி. இருக்கும். இருக்கட்டும்."

"அந்த வசதிக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. நாப்பத்தி மூணு."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைத் துடைத்தார். துடைத்துவிட்டு அங்கேயே வைத்துக்கொண்டார்.

"கையில கட்டற பட்டைய கூரியர்ல அனுப்புவாங்க. அது இல்லாம உள்ள விடமாட்டாங்க. அதுக்குத் தொண்ணூத்தொம்பது. பாட்டு சாயங்காலம் ஏழு மணிக்கு. ஆனா நாம மத்தியானம் ரெண்டு மணிக்கே உள்ள போயிரணும். போனா வெளிய வரக்கூடாது. தண்ணி கொண்டு போகக்கூடாது. உள்ள ஒரு பாட்டில் நூறு ரூபா. நாற்காலி கிடையாது. அப்பறம் இங்க சின்ன எழுத்துல, 'இவ்விடத்திலிருந்து மேடை தெரியாமல் போக வாய்ப்புண்டு'ன்னு போட்டிருக்கு. முன்னால கேமரா வைக்கிற கோபுரம் நிக்குமாம்."

"மேடையே தெரியாதா?" என்று துண்டுக்குள்ளிருந்து கேட்டார்.

"டி.வி. வச்சிருப்பாங்களாம். அதுல பாத்துக்கலாம்."

அண்ணனின் கண் இரண்டும் பிதுங்கின. நெற்றியில் வேர்வை. துண்டை நன்றாகக் கடித்திருந்தார். ஆனால் சொல்லவில்லை. பதினாலு வருஷப் புளுகன் சும்மா விழுவானா? எனக்கும் படிக்க வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. விரலால் தள்ளிக்கொண்டே போனேன். கடைசியில் ஒரு படம் இருந்தது. சனிக்கிழமை பார்த்தபோது எனக்கே தூக்கம் போன படம்.

"இன்னும் ஒண்ணு இருக்கு. போன மாசம் நாம கறுப்பு டி-சர்ட் ஆர்டர் ஒண்ணு முடிச்சோமே, முதுகுல வெள்ளைக் காக்கா படம் போட்டது. அது இந்தக் கச்சேரிக்குத்தானாம். அங்க கடை போட்டு விக்கறாங்களாம்."

அவர் துண்டை எடுத்தார். முகத்தில் ஒரு பெருமை வந்தது. "நாஞ் சொன்னேன்ல? நான் அடிச்ச சட்டைய ஆதிரன் ஆளுக போடறாங்கன்னு. மூவாயிரம் பீஸு, தனி ஆளா அடிச்சேன். ஒரு பீஸுக்கு ரெண்டே கால் ரூவா. அதுக்கே சூப்பர்வைசர்கிட்ட ரெண்டு நாள் சண்ட போட்டேன். என்ன விலை போட்டிருக்கான்? முந்நூறா? நானூறு போட்டிருப்பானா?"

"மூவாயிரத்து நானூத்தித் தொண்ணூத்தொம்பது."

"பொய்!"

அதைச் சொன்னபோது அவர் துணி ரோல் மேல் எழுந்து நின்றுகொண்டிருந்தார். கூரை சீட்டில் தலை இடித்தது. "பொய்யி! பொய்யி! ஒரு டி-சர்ட்டா? நான் அடிச்சதா? உள்பக்கம் நூல் தொங்கும் அம்மிணி, எனக்குத் தெரியாதா? பாதிப் பீஸுல தையல் விட்டிருக்குமே!"

"அதைத்தான் நானும் அப்பவே சொன்னேன்" என்றேன். போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

அவர் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தார். காக்காயைப் பார்த்தார். கழுத்துப் பட்டியைப் பார்த்தார். தோளோரம் தொங்குகிற நூலைப் பார்த்தார், அது அவருடைய நூல்தான். விலையைப் பார்த்தார். கீழே 'சீக்கிரம் வாங்குங்கள், சில பீஸ்களே மீதம்' என்று போட்டிருந்ததையும் பார்த்தார்.

"மூணு அவுட்டு" என்று அக்கா மூலையிலிருந்து சத்தம் போட்டாள். மாசானம் அண்ணாச்சி கை தட்டினார்.

"டிக்கெட் எனக்கு" என்றேன். இதில் இழுக்க ஒன்றும் இல்லை.

"உனக்குத்தான் அம்மிணி. போயி நல்லாக் கத்திட்டு வா. எனக்கும் சேத்து ஒருவாட்டி கத்து." அவர் ரோலை விட்டு மெதுவாக இறங்கினார். வெளியே டீசல் வண்டி வந்து நின்றது. ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமி, மூன்றாம் தடவை ஓட ஆரம்பித்தது. மிஷின்கள் ஒவ்வொன்றாகக் கத்தத் தொடங்கின. அண்ணன் தன் மிஷினுக்குப் போகிற வழியில் நின்று, சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினார்.

"இந்த ஜில்லாவுலயே என்ன மிஞ்ச ஆளில்லைன்னு இருந்தேன். அடுத்தவாட்டி போட்டி வெச்சா டிக்கெட் விக்கறவனுகள மட்டும் சேத்துக்காதீங்க. அவன் விலைப் பட்டியலப் படிச்சே ஜெயிச்சுப்போடுவான்."

மயிலாத்தா அக்கா டேப்பை எடுத்துப் பெட்டி அடியில் இழுத்து ஒட்டிக்கொண்டே சொன்னாள்:

"அவனா வந்து படிப்பான்? நம்மளப் படிக்கச் சொல்லி, அதுக்கும் வசதிக் கட்டணம் வாங்கிக்குவான்."